முதல் அழுகை

பிள்ளைத்தமிழ் தமிழுக்கே உரிய தனிச்செல்வம். பாட்டுடைத் தலைவரைப் பிள்ளையாக முன்னிறுத்தி, பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது அதன் மரபு. நம் புலவர் பெருமக்களும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், முகியித்தீன் ஆண்டகை அவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடி அம்மரபை வளப்படுத்தியுள்ளனர். அந்நூல்களின் சொல்லழகையும் சந்த இனிமையையும் பாராட்டி எழுதப்பட்ட கட்டுரைகள் பல. ஆனால் அவற்றின் அமைப்பைக் குறித்து எளிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே இருந்துவிட்டது.

பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. அதைக் குழந்தையின் மூன்றாம் திங்களுக்கு உரியதாகக் கொள்வது வழக்கம். ஐந்தாம் திங்களில் செங்கீரை. அதன்பின் தால், சப்பாணி, முத்தம் என வளர்ந்து செல்லும். அப்படியாயின், பிறந்த நாழிகை முதல் மூன்றாம் திங்கள் வரையுள்ள நாள்கள் எங்கே போயின? குழந்தையின் முதல் அழுகை எந்தப் பருவத்தில் சேரும்? நம் இலக்கணத்தில் அதற்கு இடமே இல்லை. பிழைத்துக்கொண்ட பிள்ளையிலிருந்துதான் பிள்ளைத்தமிழ் தொடங்குகிறது.

இதற்காக முன்னோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பிறந்த குழந்தைகளில் பல ஒரு திங்களைக் காணாமலே மறைந்த காலம் அது. தங்குமோ தங்காதோ என்னும் அச்சம் வீட்டை விட்டு அகன்ற பிறகே பாடத் துணிந்தனர் போலும். காப்பு என்னும் சொல்லே அந்த அச்சத்தின் எச்சமாக இருக்கலாம். எனினும், காலம் மாறிய பின்னரும் அந்த மௌனம் நம்மிடம் நிலைத்துவிட்டது. சங்க இலக்கியத்திலும் இறந்து பிறந்த குழந்தை வருகிறது. சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடிய புறநானூற்று 74ஆம் பாடலில், இறந்து பிறந்த மகவையும் தசைப் பிண்டத்தையுங்கூட வாளால் கீறி அடக்கும் மறக்குடி வழக்கம் பேசப்படுகிறது. ஆனால் அங்கே அக்குழந்தை குலத்தின் வீரத்திற்குச் சான்றாக நிற்கிறதேயன்றித் தனக்காக நிற்கவில்லை. அதைச் சுமந்தவள் அப்பாடலில் இல்லவே இல்லை.

இலக்கியம் விட்டுவிட்ட அந்த முதல் நாள்களை நம் கண்முன் கொணர்ந்து நிறுத்திய மாவட்டம் தருமபுரி. 2014ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் நடுவில், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில், ஒரு சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்தன. நாடெங்கும் செய்தி பரவிற்று. அமைச்சர்களும் அதிகாரிகளும் விரைந்தனர்; எதிர்க்கட்சியினர் அறிக்கை விட்டனர். பிறகு, எல்லாச் செய்திகளையும் போல் இதுவும் அடங்கிற்று.

அந்நாள்களில் எழுதப்பட்டவற்றை ஓர் இலக்கியமாகக் கருதித் திறனாய்வோமாயின், அவை இரண்டே வகையில் அடங்கும். ஒரு சாரார், மருத்துவர் போதாது, செவிலியர் போதாது, கருவிகள் போதாது என்றனர். மற்றொரு சாரார், அக்குழந்தைகள் எடை குறைந்தும் நாள் நிரம்பாமலும் பிறந்தவை. பிறக்கும்போதே மூச்சுத் திணறியவை. வெளியூர்களிலிருந்து மிகத் தாமதமாகக் கொண்டுவரப்பட்டவை. ஆகவே காப்பாற்ற இயலவில்லை என்றனர். இரு சாராரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசியதாகத் தோன்றும். கூர்ந்து நோக்குவார்க்கு இருவருமே மருத்துவமனை வாசலோடு நின்றுவிட்டது புலனாகும்.

‘எடைக்குறைவு’ என்பது பதிவேட்டில் மரணத்தின் காரணமாக எழுதப்படும் சொல். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பது எடைக்குறைவு. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்தால் பேராபத்து. அத்தகைய சிசுவின் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளாது; பாலை உறிஞ்சும் வலிமை இராது; சிறு கிருமி தொற்றினும் தாங்காது. இவையனைத்தும் உண்மையே. ஆயினும் எடைக்குறைவு என்பது முடிவேயன்றித் தொடக்கமன்று. எழுவாயை விட்டுவிட்டுப் பயனிலையை மட்டும் எழுதிய வாக்கியம் அது. குறைந்தது யாருடைய எடை? முதலில் குறைந்தது தாயின் எடை. அவள் இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தது. பள்ளியில் அவள் படித்த ஆண்டுகள் குறைந்தன. மணமானபோது அவள் வயது குறைவாக இருந்தது. வீட்டில் கடைசியாக உண்பவள் அவள் என்பதால், தட்டில் விழுந்த சோறும் குறைந்தது. இத்தனை குறைவுகளும் ஒன்றுகூடி, கடைசியில் தராசுத் தட்டில் ஒரு குழந்தையாக வந்து கிடக்கின்றன. கூட்டிப் பார்க்க வேண்டியதை நாம் நிறுத்துப் பார்த்தோம்.

தருமபுரியின் இருப்பை அறிந்தோர்க்கு இது விளங்கும். 1965இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான நிலம் இது. 2004இல் இதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி தேடிப் போகும் குடும்பங்கள் இங்கு ஏராளம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இதுதான். அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலையிலும், தருமபுரிக்கு அண்மையிலுள்ள வத்தல்மலையிலும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பென்னாகரம் பகுதியிலுள்ள கோட்டூர் மலைக்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது, வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டன. அப்படத்தை நாளிதழ்கள் வியப்போடு வெளியிட்டன. வாக்கு ஏறிச் செல்வதற்கு ஒரு நாள் கழுதை போதும். ஆனால் நள்ளிரவில் வலி கண்ட பெண் அதே பாதையில் எவ்வாறு இறங்குவாள் என்று அப்படத்தைக் கண்டவர்களில் எத்தனை பேர் எண்ணினர்?

நாட்டின் கணக்கை நோக்குவோம். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறையின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிரம்புமுன் இறப்பவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இது தமிழ்நாட்டின் பெருமை, மறுப்பதற்கில்லை. ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையம் அமைத்தவர்களும், வீடு வீடாக நடந்த செவிலியரும் ஈட்டித் தந்த பெருமை அது. ஆயினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, இந்தியாவின் அந்த 28இல் 20 மரணங்கள் முதல் 28 நாள்களுக்குள் நிகழ்பவை. அதாவது, பிள்ளைத்தமிழின் காப்புப் பருவத்தை எட்டாத பிள்ளைகளே மிகப் பலர். இரண்டாவது, சராசரி என்பது ஒரு போர்வை. மாநிலத்தின் சராசரி மாவட்டத்தை மூடும்; மாவட்டத்தின் சராசரி மலையை மூடும். போர்வையின் நீளத்தை அளந்து மகிழ்பவன், அதன் அடியில் குளிரில் நடுங்குபவனைக் காண்பதில்லை.

இனி நம் இலக்கியத்திற்கே மீண்டு வருவோம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் அலிமா முலையூட்டுப் படலம் என்றே ஒரு படலம் வகுத்துள்ளார். செவிலித்தாய் ஹலீமா (ரலி) அவர்களின் வரலாற்றை மீலாது மேடைகளில் கேளாதார் யார்? வறண்ட மடியில் பால் சுரந்ததும், தளர்ந்து பின்தங்கிய வாகனம் எல்லாரையும் முந்தியதும் சொல்லப்படும்போது அவையே சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பு நம் ஈமானின் அடையாளம். ஆனால் வரலாற்றின் பிற்பாதியை மட்டுமே நாம் சுவைக்கிறோம். முற்பாதியை ஓரிரு சொற்களில் கடந்துவிடுகிறோம்.

முற்பாதி யாது? இப்னு ஹிஷாம் முதலானோர் தம் சீரா நூல்களில் ஹலீமா அம்மையாரின் வாய்மொழியாகவே அதைப் பதிந்துள்ளனர். அது பஞ்சத்தின் ஆண்டு. கையில் ஏதுமில்லை. அவர்களுடைய சொந்தக் குழந்தை பசியால் இரவெல்லாம் அழுதது, வீட்டார் உறங்கவில்லை. தாயின் மார்பில் பாலில்லை. ஒட்டகத்தின் மடியிலும் பாலில்லை. மக்கா வந்து சேர்ந்த செவிலியர் ஒவ்வொருவரிடமும் அந்த அனாதைக் குழந்தை காட்டப்பட்டது, ஒவ்வொருவரும் மறுத்தனர். ஏன்? செவிலிக்குக் கூலி கொடுப்பவர் தந்தை. தந்தையற்ற குழந்தையிடமிருந்து என்ன கிடைக்கும்? கல் நெஞ்சால் அப்பெண்கள் மறுக்கவில்லை. தத்தம் வீட்டுப் பசிதான் மறுக்க வைத்தது.

அகிலத்துக்கெல்லாம் அருட்கொடையாக வந்த திருநபியே பிறந்த சில நாள்களில் ஏழ்மையின் காரணமாக மறுக்கப்பட்டார்கள் என்பதைவிடக் கூர்மையான செய்தி வேறு உண்டா? தாய் பட்டினி கிடந்தால் பால் வற்றும். பால் வற்றினால் பிள்ளை அழும். பணமில்லாத பிள்ளையை ஊர் ஒதுக்கும். இந்த மூன்று வாக்கியங்களில் தருமபுரியின் வரலாறு முழுதும் அடங்கிவிடுகிறது. அற்புதத்தைச் சொல்லும் நாவலர், அது எந்த வறுமையின் நடுவே நிகழ்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் சிலிர்ப்பதோடு நில்லார். தம் தெருவிலுள்ள ஹலீமாக்களைத் தேடுவார்.

பெண் சிசுக்கொலையைக் குறித்துப் பேசும்போதும் நம்மிடம் இத்தகைய பாதிப் பார்வையே உள்ளது. சேலம், தருமபுரி மாவட்டங்களின் பெயர் அக்கொடுமையோடு சேர்த்துப் பேசப்பட்ட காலத்தில், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2001இல் அது தருமபுரிக்கும் விரிந்தது. அப்போது நம் மிம்பர்களில், உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தை மறுமையில் எந்தக் குற்றத்திற்காகத் தான் கொல்லப்பட்டதென்று வினவப்படும் தக்வீர் அத்தியாய வசனங்கள் முழங்கின. முழங்க வேண்டியவையே. ஆயினும், அறியாமைக் காலத்துக் கொடுமை அயலார் வீட்டில் மட்டுமே உண்டு என்னும் தொனியும் அவற்றோடு கலந்திருந்தது. கைக்கூலி வாங்கும் எந்தச் சமுதாயத்திற்கும் அத்தொனி பொருந்தாது. பெண் பிறந்தால் செலவு என்னும் கணக்கை எழுதி வைப்பவர், அக்கணக்கின் முடிவைக் கண்டு காதைப் பொத்திக்கொள்ள இயலுமா?

திருமறை இவ்விடத்தில் காட்டும் நுட்பத்தைத் தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கியுள்ளனர். பிள்ளைகளைக் கொல்லாதீர் என்னும் கட்டளை இரண்டு அத்தியாயங்களில் வருகிறது. அன்ஆம் அத்தியாயத்தில், ஏற்கெனவே வறுமையில் உழல்வோரிடம் பேசும்போது, உமக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம் என்று பெற்றோர் முதலில் வைக்கப்படுகின்றனர். இஸ்ரா அத்தியாயத்தில், வருங்கால வறுமைக்கு அஞ்சுவோரிடம் பேசும்போது, அவர்களுக்கும் உமக்கும் என்று பிள்ளைகள் முதலில் வைக்கப்படுகின்றனர். வறியவரிடம் பேசும் முறை வேறு; வறுமை வருமென அஞ்சும் வசதியுள்ளவரிடம் பேசும் முறை வேறு. பசித்திருப்பவளிடம் முதலில் அவள் உணவைப் பற்றிப் பேசு என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம். தொட்டில் வைத்த அரசும், வசனம் ஓதிய மிம்பரும் குழந்தையைக் குறித்துப் பேசின; தாயின் உணவைக் குறித்துப் பேசியோர் குறைவு.

இவ்விடத்தில் கலீபா உமர் (ரலி) அவர்களின் வரலாறொன்று நினைவுகூரத்தக்கது. பால்குடி மறந்த குழந்தைகளுக்குப் பொதுநிதியிலிருந்து உதவித்தொகை என்பது அவர்கள் வகுத்த விதி. ஓரிரவு மதீனாவின் புறத்தே தங்கியிருந்த வணிகர் கூட்டத்திற்குக் காவல் சென்றபோது, ஒரு குழந்தையின் அழுகை மீண்டும் மீண்டும் கேட்டது. தாயை விசாரித்தார்கள். கேட்பவர் யாரென அறியாத அவள், உமர் பால் மறந்த பிள்ளைக்கே உதவி தருகிறார்; ஆகவே காலத்திற்கு முன்பே பாலை நிறுத்த முயல்கிறேன் என்றாள். அன்று அதிகாலைத் தொழுகையில் அவர்களின் ஓதல் அழுகையால் தெளிவின்றிப் போயிற்றாம். தம் விதியால் எத்தனை பிள்ளைகள் மடிந்தனரோ என்று வருந்தி, பிறந்த நாள் முதலே உதவித்தொகை என்று ஆணையிட்டார்கள்.

நல்ல எண்ணத்தோடு வகுத்த விதியும், அதன் நிபந்தனையால் ஒரு குழந்தையின் வயிற்றில் கைவைக்கக்கூடும் என்பதை உணர்ந்த ஆட்சியாளர் அவர். இந்த உரைகல்லில் நம் காலத்துத் திட்டத்தையும் தேய்த்துப் பார்க்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் தமிழ்நாட்டின் சிறந்த திட்டங்களில் ஒன்று. 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உதவி உயர்ந்தது. ஏழைத் தாய்மார் பலரைக் கருவுற்ற நாளிலேயே பதிவு செய்யத் தூண்டியதும் அதுவே. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள்: தாய்க்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பேறுகளுக்கே உதவி உண்டு. இளவயது மணத்தைத் தடுப்பதும், பேற்றைக் குறைப்பதும் நோக்கம். நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் எடை குறைந்த குழந்தை யாருக்குப் பிறக்கும் வாய்ப்பு மிகுதி? பதினேழு வயதில் தாயாகும் பெண்ணுக்கு. இடைவெளியின்றி நான்காம் முறை கருவுறும் பெண்ணுக்கு. மிக வேண்டியவளையே நிபந்தனை வெளியே நிறுத்துகிறது. மணத்தை முடித்து வைத்த பெரியோர் தண்டனை பெறவில்லை. வயிற்றிலிருக்கும் பிள்ளை பெறுகிறது. உமர் (ரலி) அவர்கள் கேட்ட அழுகை இதுவே. மணத்தைத் தடுக்க வேறு வழி காண்க. சோற்றைத் தடுத்து மணத்தைத் தடுக்க வேண்டா.

இவ்வளவும் சொன்ன பின்னர், எல்லாம் அவன் நாட்டம் என்று பெருமூச்செறிவோர் நம்மிடையே உண்டு. கத்ரின் மீது நம்பிக்கை ஈமானின் பகுதி, அதில் ஐயமில்லை. குழந்தையை இழந்த தாய்க்கு அதுவே மருந்து. ஆனால் தாய்க்கு உரிய மருந்தை, கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் குடித்துவிடலாகாது. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று வினவப்பட்டது. ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்குச் செல்வதாகவே அவர்கள் விடை பகர்ந்தார்கள். மாற்றக்கூடியதை மாற்றுவதும் விதியே என்பது அதன் கருத்து.

மாற்ற முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி, தருமபுரியைப் போன்றே காடும் பழங்குடியும் வறுமையும் நிறைந்த மாவட்டம். அங்கே மருத்துவத் தம்பதியரான அபய் பங்கும் ராணி பங்கும் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து, வீடு தேடிச் சென்று சிசுக்களைக் கவனிக்கச் செய்தனர். வெப்பம் காத்தல், தாய்ப்பால் ஊட்டல், கிருமித் தொற்றைக் கண்டறிந்து மருந்து கொடுத்தல் ஆகியவையே அவர்கள் செய்தவை. சில ஆண்டுகளுக்குள் அவ்வூர்களில் பச்சிளங்குழந்தை மரணம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. 1999இல் வெளியான அவர்களின் ஆய்வு உலகின் கவனத்தைப் பெற்றது. அவர்கள் அதற்கு முன்னரே தொடங்கிய பணி ஒன்றுண்டு. வீட்டோடு பிறந்து வீட்டோடு மறைந்த ஒவ்வொரு குழந்தையையும் அவர்கள் கணக்கில் எழுதினர். எண்ணப்படாத மரணத்தை எவரும் தடுக்க முயலார்.

எண்ணுதல் என்னும் இக்கடமையில், நம் கவிதை நூல்களைவிட நம் பிக்ஹு நூல்கள் முன்னே நிற்கின்றன. பிறந்த குழந்தை ஒருமுறை அழுதுவிட்டால், அதற்கு இஸ்திஹ்லால் என்று பெயர். அடுத்த நொடியே அது இறந்தாலும், முழு மனிதருக்குரிய உரிமை அனைத்தும் அதற்கு உண்டு. பெயர் உண்டு, குளிப்பாட்டல் உண்டு, கபன் உண்டு, ஜனாஸாத் தொழுகை உண்டு. வாரிசுரிமையும் உண்டு. தந்தை இறந்த பின் பிறந்து, ஒருமுறை அழுது மறைந்த குழந்தை தன் பங்கைப் பெறுகிறது. அப்பங்கிலிருந்து அதன் தாய்க்கும் சேர்கிறது. ஓர் அழுகைக்கு இத்தனை எடை கொடுத்த சட்டம், இரண்டரைக் கிலோ உண்டா என்று கேட்கவில்லை. புலவர் மூன்றாம் திங்கள் வரை காத்திருந்தார். பிக்ஹு ஆசிரியர் முதல் மூச்சிலேயே எழுந்து நின்றார்.

ஆகவே நம் எழுத்தாளரிடமும் ஜமாஅத்தாரிடமும் வேண்டுவது ஒன்றே. நிகாஹ் பதிவேடும் அடக்கப் பதிவேடும் பெரும்பாலான ஜமாஅத்துகளில் உள்ளன. நிகாஹ் பதிவேட்டில் மணப்பெண்ணின் வயது மெய்யாக எழுதப்படட்டும். பதினெட்டு நிரம்பாதவளுக்கு அப்பதிவேடு திறக்கப்படாதிருக்கட்டும். அடக்கப் பதிவேட்டில் ‘குழந்தை’ என்று ஒரு சொல் எழுதி முடிப்பதை விட்டு, பிறந்து எத்தனை நாள், எடை என்ன, தாயின் வயது என்ன, மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதும் எழுதப்படட்டும். ஓராண்டு கழித்து அப்பக்கங்களைப் படித்தால், ஏழைகளின் தெருவிலிருந்து எத்தனை சிறு கபுறுகள் எழுந்தன என்பது தெரியவரும். ஸகாத்தும் ஸதகாவும் கருவுற்ற தாயின் உணவுக்கு ஏன் செல்ல வேண்டும் என்பதும் விளங்கும்.

எழுத்தாளர்க்கு உரிய பணியும் அதுவே. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுக்கு முன்னே இன்னும் ஒரு பருவம் உண்டு. அதைப் பாடச் சந்தம் வேண்டுவதில்லை. தாயின் பெயரையும் அவள் உண்டதையும் உண்ணாததையும் எழுதினால் போதும்.